தோட்டத்து அடியிலிருந்து மேடைக்கு: தாளக் குழுவுக்குப் புதிய இசை அமைக்கும் முறை

கோயில் திருவிழாவில் ஒரு மணி நேரம் கேட்டாலும் சலிக்காத உறுமி மேளம், அதே ஆட்கள் அதே அடியைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்து மேடையில் வாசித்தால் மூன்றாம் நிமிடத்திலேயே சலித்துப்போகிறது. வாசிப்பில் குறை இல்லை. திருவிழாவில் காவடி நகர்கிறது, பால்குடம் நகர்கிறது, ஆடுபவர் முன்னே போய்ப் பின்னே வருகிறார், கேட்கிறவரும் கூடவே நடக்கிறார். மேளம் அந்த அசைவுக்குத் துணை. மேடையில் எதிரே நாற்காலிகள் மட்டும்தான். அங்கே அசைவையும் இசையே தந்தாக வேண்டும்.

அதனால்தான் நாலு திருவிழா அடிகளை வரிசையாக ஒட்டி, கடைசியில் வேகத்தைக் கூட்டி, ஒரு பெரிய தட்டோடு முடிப்பது புதிய படைப்பு ஆகாது. அடியை அப்படியே தூக்கி வராமல், அந்த அடி எந்தக் காலுக்காகப் பிறந்ததோ அந்தக் காலைப் பிடியுங்கள். கும்மியின் கால் வேறு, காவடியின் கால் வேறு, கரகத்தின் கால் வேறு. காலைப் பிடித்துவிட்டால் அடியை எவ்வளவு மாற்றினாலும் வேர் அறுந்துபோகாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், கோல கெட்டில் போன்ற தோட்டப் பட்டணங்களில் எளிதாகச் சேரக்கூடிய 9 பேர் குழுவை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது: தப்பு 4, உறுமி 1, பம்பை 1, தவில் 1, ஜால்ரா 1, அடித்தளத்துக்கு ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் தோம்பு. தோம்பைக் கேலியாக நினைக்க வேண்டாம். வாயைக் கீழே கவிழ்த்து, ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சற்றுத் தூக்கி, துணி சுற்றிய தடியால் அடித்தால் தப்பாலும் பம்பையாலும் தர முடியாத கனமான அடிச் சத்தம் கிடைக்கும். செலவும் குறைவு.

முதல் வேலை: அடியைச் சேகரித்தல்

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் தாமான்களுக்கும் (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் பிரிந்துபோனபோது மேளக்காரர்களும் சிதறிப்போனார்கள். ஒரே மாரியம்மன் கோயிலில் வாசித்த இருவர் இன்று இரண்டு ஊரில் இருக்கலாம். தேடிப் போங்கள். போனதும் கருவியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள், அடுத்து தொடையில் தட்டச் சொல்லுங்கள், கடைசியில் கருவி. வாயில் வரும் சொற்கட்டில்தான் எது அழுத்தம், எது வெறும் நிரப்பல் என்பது தெளிவாகத் தெரியும். கருவிக்குப் போனதும் கை வேகம் அதை மூடிவிடும்.

கைப்பேசியில் பதிவு செய்வதானால் 4, 5 மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் தப்பின் சத்தம் உடைந்து பதிவாகும், பிறகு சுண்டுக்குச்சியையும் அடிக்குச்சியையும் பிரித்துக் கேட்க முடியாது. திருவிழாவில் படம் பிடிக்கும்போது மேளத்தைப் பிடிக்காமல் ஆடுபவரின் காலைப் பிடியுங்கள். மேளச் சத்தம் எப்படியும் பதிவாகிவிடும்.

சில அடிகளைத் தொடக் கூடாது, அல்லது கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சாவு மேளத்தின் அடியைப் பொங்கல் விழா மேடையில் வாசித்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், போவதும் நியாயம்தான். சாமி அழைக்கும்போது உடுக்கையிலும் உறுமியிலும் வரும் அடிகளுக்கு மண்டபத்திலேயே யாருக்காவது அருள் வந்துவிடலாம். அந்த நேரத்தில் அவரைக் கவனிக்கத் தெரிந்த பூசாரி பக்கத்தில் இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. தப்பு வாசித்தவர்களைச் சாதி சொல்லித் தாழ்த்திய காலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. தன் பிள்ளை தப்பைத் தொடக் கூடாது என்று ஒரு மேளக்காரரே சொன்னால் வாதாடாதீர்கள். சொல்லிக் கொடுக்க முன்வருகிறவரின் பெயரையும் அவர் வாசித்த தோட்டத்தின் பெயரையும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட அனுமதி கேளுங்கள். இசையமைத்தவர் பெயருக்கு மேலே அது வரட்டும்.

இரண்டாவது: கட்டம் போட்டு எழுதுதல்

மேலைநாட்டுச் சுரக்குறிப்பு தெரியாவிட்டால் பரவாயில்லை. கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் போதும். ஒரு கட்டம் ஒரு மாத்திரை, ஒரு கருவிக்கு ஒரு வரி. காலடி விழும் இடத்தில் கோடு. கும்மியும் பெரும்பாலான சிந்து மெட்டுகளும் திஸ்ர நடை, அதாவது ஒரு காலடிக்கு மூன்று மாத்திரை: தகிட, தகிட, தகிட, தகிட. நாலு காலடி சேர்ந்து 12 கட்டம் ஒரு சுற்று. சதுஸ்ரத்தில் ஒரு காலடிக்கு நாலு, கண்டத்தில் ஐந்து, மிஸ்ரத்தில் ஏழு.

எழுதும்போது பொதுவாக நேரும் பிழை, கேட்டதையெல்லாம் எழுதுவது. அனுபவமுள்ள மேளக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது சில்லறை சேர்ப்பார். பத்துச் சுற்று கேளுங்கள். பத்திலும் வருவது எலும்பு; இரண்டு மூன்றில் மட்டும் வருவது அவருடைய அலங்காரம். எலும்பை மட்டும் கட்டத்தில் எழுதுங்கள். அலங்காரம் அவருடையது, அவரே வாசிக்கட்டும்.

மூன்றாவது: ஒரே அடியைப் பலருக்குப் பிரித்தல்

பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நாலு தப்பும் ஒரே அடியை ஒன்றாக அடித்தால் சத்தம் கூடும், இசை கூடாது. இரண்டு தப்பைச் சூடேற்றி உச்ச ஒலிக்குக் கொண்டுவாருங்கள், இரண்டைத் தாழ்வாக விடுங்கள். பிறகு ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பும்படி எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு சுற்று கீழே. 'த' வலக்கை அடிக்குச்சி, 'கி' இடக்கைச் சுண்டுக்குச்சி, புள்ளி மௌனம், 'ம்' உறுமியைக் குச்சியால் தேய்க்கும் இழுப்பு.

உச்சத் தப்பு: த . கி | த . . | த த கி | த . .
தாழ்ந்த தப்பு: . . . | . கி கி | . . . | . கி த
உறுமி: டும் . . | ம் ~ ~ | டும் . . | ம் ~ ~
தோம்பு: தோம் . . | . . . | . . . | தோம் . .
ஜால்ரா: ஜல் . . | ஜல் . . | ஜல் . . | ஜல் . .

இரண்டு தப்பு வரிகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 12 கட்டங்களில் இரண்டாவது மட்டும் காலி. அதை யாரும் நிரப்பக் கூடாது. முதல் கட்டத்தில் உறுமியும் தோம்பும் சேர்ந்து விழும் அடி, அந்த ஒரு மாத்திரை இடைவெளியில்தான் காதுக்குப் போய்ச் சேர்கிறது. தோம்பு 7ஆம் கட்டத்தில் விழும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே உறுமி இருக்கிறது, அது போதும். 10இல் தோம்பு விழுந்தால் சுற்று முன்னே சாயும், அடுத்த சமத்தை, அதாவது அடுத்த சுற்றின் முதல் கட்டத்தை, நோக்கி இழுக்கும்.

பம்பையும் தவிலும் இந்த அடிப்படைச் சுற்றில் ஏன் இல்லை? இருந்தால் வேறு எதுவும் கேட்காது. பம்பையை இடைமுறிப்புகளுக்கும் தவிலைத் தனிக்கும் தீர்மானம் என்னும் முடிப்புக்கும் சேர்த்து வையுங்கள். தவில்காரர் முதல் ஒரு நிமிடம் கைகட்டி நிற்கச் சம்மதிப்பது கடினம். ஆனால் அவர் நுழையும்போது அரங்கம் நிமிர்வதற்குக் காரணமே அந்த ஒரு நிமிடம்தான்.

இப்படிக் கோத்து வாசிப்பது நமக்குப் புதியதல்ல என்றாலும், பக்கத்துக் கம்போங் (மலாய்க் கிராமம்) கல்யாணத்தில் கொம்பாங் என்னும் மலாய்க் கைப்பறைக் குழுவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே மாதிரிக் கருவிகள்தான், ஆளுக்கொரு துண்டு, சேர்ந்தால் ஒரு முழு அடி. அந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம், அடியை எடுத்து நம் தப்பில் ஒட்ட வேண்டாம். 1988இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய சீனர்களின் 24 பருவ முரசுக் குழுக்களிடமும் கற்க ஒன்று உண்டு: கையைத் தூக்கி நிறுத்தி மௌனத்தைக் கண்ணால் காட்டும் விதம். போட்டி நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று அவர்களுடைய நிற்கும் நிலைகளையே நகலெடுக்கும் தமிழ்க் குழுக்கள் நிறைய. உறுமிக்காரர் தோளில் கருவியோடு ஆடி நடப்பவர். அவரைச் சிலைபோல நிறுத்தினால் அவருடைய காலும் போய்விடும், அடியும் போய்விடும்.

நான்காவது: அடியை வளர்த்தல்

நல்ல ஒரு சுற்று கிடைத்துவிட்டால் புது அடி தேட வேண்டியதில்லை. அதையே வளர்க்க வேண்டும். வழிகள் பல. இரண்டை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்று, முன்பக்கத்திலிருந்து குறைத்துக்கொண்டே வருவது, கோபுச்ச யதி. மேலே உள்ள 12 கட்டத்தை முழுதாக ஒரு முறை, முதல் மூன்றை விட்டு 9, பிறகு 6, பிறகு 3. கூட்டினால் 30. மூன்று சுற்றுக்கு 36 வேண்டும், 6 குறைகிறது. கடைசி 3ஐ இன்னும் இரண்டு முறை வாசித்தால் 36 சரியாக முடிந்து சமத்தில் விழும். 'த கி த' என்ற வால் இதில் ஆறு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் சீக்கிரம் சீக்கிரமாக வருவதால் வேகம் கூடியது போலத் தோன்றும், உண்மையில் காலடி மாறியிருக்காது. வேகத்தைக் கூட்டாமல் வேக உணர்வைத் தருவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இன்னொன்று நடை மாற்றம். காலடி அப்படியே இருக்க, மூன்று மாத்திரையை நான்காக்குவது. 'த . கி' என்பது 'த . கி .' ஆகும். 12 கட்டம் 16 ஆகும். இங்கே தவறாமல் நடக்கும் பிழை, கையின் வேகத்தை மாற்றாமல் காலடியை மெதுவாக்கிவிடுவது. கையின் பழக்கம் காலைவிட வலியது என்பதால் அப்படி நடக்கிறது. கருவியை வைத்துவிட்டு எல்லோரும் மண்டபத்தைச் சுற்றி நடந்துகொண்டே, நாலு காலடிக்குத் தகிட, அடுத்த நாலு காலடிக்குத் தகதிமி என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். நடை தடுமாறாமல் வாய் மாறும்வரை குச்சியைத் தொட வேண்டாம்.

ஐந்தாவது: தீர்மானம்

ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டு இடைவெளி விட்டு, சமத்தில் வந்து விழுவது தீர்மானம். கணக்கு ஒரே வரிதான்: மூன்று சொற்கட்டும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து மொத்தக் கட்டங்கள். இரண்டு திஸ்ரச் சுற்று, 24 கட்டம் என்றால் சொற்கட்டு 6, இடைவெளி 3. மூன்று சுற்று, 36 என்றால் சொற்கட்டு 10, இடைவெளி 3. சதுஸ்ரத்தில் 32 என்றால் சொற்கட்டு 10, இடைவெளி 1.

36க்கு 'தக தகிட தகதகிட' என்ற 10 மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை 1ஆம் கட்டத்தில் தொடங்கும். இரண்டாம் முறை 14இல், அதாவது இரண்டாம் சுற்றின் 2ஆம் கட்டத்தில். மூன்றாம் முறை 27இல், மூன்றாம் சுற்றின் 3ஆம் கட்டத்தில். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் தள்ளிப்போவதுதான் இதன் அழகு. ஆபத்தும் அங்கேதான். நடுவே வரும் இரண்டு சமங்களும், 13உம் 25உம், மௌனத்துக்குள் விழுகின்றன. பழக்கதோஷத்தில் யாராவது ஒருவர் அங்கே ஒரு அடி போடுவார், எல்லாம் கலைந்துவிடும். அந்த இரண்டு இடத்திலும் ஜால்ரா மட்டும் ஒலிக்கட்டும். மற்றவர்கள் வலது காலைத் தரையில் வைக்கட்டும். கை போக நினைத்த இடத்துக்குக் கால் போய்விட்டால் கை சும்மா இருக்கும்.

ஒரு படைப்பில் பெரிய தீர்மானம் இரண்டுக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை முடித்தால், உண்மையில் முடியும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆறாவது: முழு வடிவம்

நிமிடத்துக்கு 112 காலடி என்ற வேகத்தில் நாலு காலடிச் சுற்று நிமிடத்துக்கு 28 வரும். 5 நிமிடப் படைப்புக்கு 140 சுற்று. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒரே அடியை 16 சுற்றுக்கு மேல் மாற்றமில்லாமல் வைத்தால், 34 விநாடிக்குள் கேட்பவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

நன்றாக நிற்கும் ஒரு பங்கீடு: முதல் 14 சுற்று நேரம் உறுமி மட்டும், தாளக் கட்டில்லாமல், இழுப்பும் உறுமலும். அடுத்த 24இல் ஜால்ராவும் தப்பும் ஒவ்வொன்றாக நுழையும். 28 சுற்று முழுக்குழு, இதில் தவில் நுழைவு. பிறகு 12 சுற்று தோம்பும் கைத்தட்டலும் மட்டும். இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடுத்த மேடு தெரியாது. 28 சுற்று சதுஸ்ர நடை, பம்பை முறிப்புகளோடு. 16 சுற்று கேள்வி-பதில். மீதி 18இல் திஸ்ரத்துக்குத் திரும்பி, யதியும் தீர்மானமும். உங்கள் குழுவில் உறுமிக்காரர் வலுவில்லாதவர் என்றால் தொடக்கத்தைச் சுருக்கிக் கேள்வி-பதிலை நீட்டுங்கள். ஆளைப் பார்த்துத்தான் வடிவம்.

ஏழாவது: பயிற்சி

தாமானில் மாலைப் பயிற்சி என்றால் அக்கம்பக்கம் முதல் வாரத்திலேயே முறையிடும். பழைய மோட்டார் சைக்கிள் டயரை மேசை மேல் வைத்து அடித்துப் பழகுங்கள். குச்சி மேலெழும் விசை தோலைப் போல இருக்காது, ஆனால் கட்டங்களை மனத்தில் ஏற்ற அது போதும். மக்ரிப் பாங்கு நேரத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். அது நல்ல அக்கம்பக்கத்துக்கும் நல்லது, தோள்பட்டைக்கும் நல்லது. மூடிய அறையில் தப்பும் உறுமியும் சேர்ந்தால் 100 டெசிபலைத் தாண்டுவது எளிது. அந்த அளவில் காது பாதுகாப்பாகத் தாங்குவது ஏறத்தாழ 15 நிமிடம்தான். நுரைக் காதடைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

வேகம் ஏறுவது எல்லாக் குழுவுக்கும் உள்ள நோய். 112இல் தொடங்கி 130இல் முடிப்பார்கள். காலத்தை மிகச் சத்தமான கருவியிடம் ஒப்படைப்பதுதான் காரணம். உற்சாகம் முதலில் ஏறுவது அவருக்குத்தான். காலம் ஜால்ராவின் பொறுப்பாக இருக்கட்டும். பயிற்சியில் அவருக்கு மட்டும் ஒரு காதில் தாளமானி. குழுவிலேயே நிதானமான ஆளை ஜால்ராவுக்குப் போடுங்கள், புதிதாக வந்த சின்னப் பையனைப் போடாதீர்கள்.

தோலும் மண்டபமும்

நம் ஊர் ஈரத்தில், அதுவும் அந்திமழைக்குப் பிறகு, சூடேற்றிய தப்பு 15, 20 நிமிடத்தில் இறங்கத் தொடங்கும். உச்சத் தப்பு முக்கியமாக வரும் பகுதிக்கு முன்னால், அதாவது மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் காய்ச்ச வேண்டும். காய்ந்த தென்னோலையோ செய்தித்தாளோ எரித்து, நெருப்புக்கு ஒன்றரை அடி மேலே பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் போதும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்படும்போதுதான் தோல் விளிம்பில் கிழியும். பள்ளி மண்டபத்தில் நெருப்பு மூட்ட விட மாட்டார்கள். முடி உலர்த்தி உதவும், நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும். செயற்கைத் தோல் தப்பு மழையிலும் மாறாது. ஆனால் சுண்டுக்குச்சியின் நுணுக்கம் அதில் தட்டையாகிவிடும். உச்சத்துக்குச் செயற்கைத் தோல், தாழ்வுக்கு மாட்டுத்தோல் என்று கலந்து வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள மண்டபத்தில் சதுஸ்ரப் பகுதி ஒரே இரைச்சலாகக் குழையும். அங்கே வேகத்தை 100க்கு இறக்குங்கள், அல்லது நாலு தப்பில் இரண்டை நிறுத்துங்கள். கோயில் திடலில் இதற்கு நேர்மாறு: தோம்பின் அடி காற்றோடு போய்விடும், பின்னால் ஒரு மரப்பலகைத் தடுப்பு வைத்தால் கொஞ்சம் திரும்பி வரும். இரண்டு இடத்திலும் உறுமியின் தேய்ப்புத்தான் முதலில் காணாமல் போகும். ஒரே ஒரு ஒலிவாங்கி இருந்தால் அதை உறுமியின் தேய்க்கும் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தப்புக்கு ஒலிவாங்கி எந்த மண்டபத்திலும் தேவையில்லை, ஒலிபெருக்கிக்காரர் என்ன சொன்னாலும் சரி.

மேடைக்கு எடுத்துப்போக: ஆளுக்கு இரண்டு சோடி குச்சி உபரி (சுண்டுக்குச்சிதான் முதலில் உடையும்), தவில் விரல் கூடுகள் ஒரு செட் அதிகம், கட்டத் தாளின் நகல் ஒன்று ஜால்ராக்காரரிடம். கருவிகளை மதிய வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் இறுகும் தோல், மாலையில் முதல் அடிக்கே பிளக்கும்.